எல்லா நிழலும் ஒன்றா?

விடுமுறைக்கு லாபிஸ் திரும்பியிருந்தேன். மே மாத நண்பகல். தகரக் கூரையின் கீழ் இருக்க முடியவில்லை. “வாய்யா, கித்தாக்காட்டுப் பக்கம் போயிட்டு வருவோம்,” என்றார் பாட்டி.

வீட்டிலிருந்து சிறிது தூரத்தில் ஒருவரின் பழைய ரப்பர்த் தோட்டம் இருக்கிறது. அங்குச் செல்ல, மறுநடவு செய்யப்பட்ட செம்பனைகளைக் கடக்க வேண்டும். அதுவரை பேசாமல் வந்த பாட்டி, ரப்பர் மரங்களின் கீழ் நுழைந்ததும், “இப்பத்தான் மூச்சு வருது,” என்றார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர் அவர்.

நிழல் எப்படிக் குளிர்ச்சி தருகிறது? வானிலை நிலையங்களில் வெப்பமானியை நிழலான பெட்டிக்குள்தான் வைப்பார்கள். 1998 ஏப்ரல் 9-இல் பெர்லிஸ், சுப்பிங்கில் பதிவான 40.1 பாகை செல்சியஸும் நிழலின் வெப்பமே. வெளியே நிற்பவர் அந்தக் காற்றின் சூட்டோடு சூரியக் கதிர்களையும் உடலில் வாங்குகிறார். கூரையோ குடையோ கதிரைத் தடுக்கும், காற்றைக் குளிர்விக்காது. மரம் இரண்டையும் செய்கிறது.

வேர் உறிஞ்சும் நீர் இலைகளின் வழியே ஆவியாகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே அளவு குழாய்நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப்போல் இது எட்டு மடங்கு! அவ்வெப்பத்தின் பெரும்பகுதி இலைகளிலிருந்தும் சுற்றியுள்ள காற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது.

“வெயில் ஏறினா பால் நின்னுடும். அதான் விடியுமுன்னே வெட்டப் போவோம்,” என்று பாட்டி சொல்வதற்கும் இதுவே காரணம். வெயிலில் இலைகள் நீரை இழக்க, பால்குழாய்களில் அழுத்தம் குறைகிறது. பால் வடிவதும் குறைகிறது.

ஆனால், ரப்பர்க்காட்டின் நிழல் ஓரடுக்கு நிழல்தான். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலை உதிர்ந்து அதுவும் இல்லாமல் போகும். பெக்கோக்கில் உள்ள சுங்கை பந்தாங் பொழுதுபோக்கு வனத்தில் அப்படியில்லை. நெடுமரங்கள், அவற்றின்கீழ் நடுத்தர மரங்கள், அதன்கீழ் செடிகள் எனப் பல அடுக்குகள் வெயிலை வடிகட்டுகின்றன, ஈரமும் தங்குகிறது. சபாவில் செய்யப்பட்டு 2015-இல் வெளியான ஆய்வொன்று, செம்பனைத் தோட்டத்தைவிட இயற்கைக் காட்டின் சராசரி உச்ச வெப்பம் 6.5 பாகைவரை குறைவு என்று கண்டது.

இருந்தாலும் பந்தாங்கிற்குச் செல்ல வாகனம் வேண்டும். பாட்டியின் கால்களுக்கு எட்டுவது இந்த ரப்பர்க்காடு மட்டுமே. வயதான இம்மரங்களும் அடுத்த ஆண்டு வெட்டப்படவிருக்கின்றன. அதைச் சொன்னபோது, பாட்டி ஒரு மரத்தின் பழைய வெட்டுத் தழும்பைத் தடவிப் பார்த்தார். “அப்போ நான் எங்க போயி நடக்கிறது?” என்றார். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் வீட்டின் மேற்குப் பக்கத்தில் ஒரு ரம்புத்தான் கன்று நட்டோம். பிற்பகல் வெயில் அங்கிருந்துதான் சுவரைத் தாக்குகிறது. அது நிழல் தரச் சில ஆண்டுகளாகும். அதுவரை பாட்டி தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். நண்பர்களே, அடுத்த விடுமுறையில் வீடு திரும்பும்போது, உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடந்து போய் அமரக்கூடிய நிழல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால், ஒரு கன்றையாவது நட்டுவிட்டு வாருங்கள்.