வகுப்புத் தோழி எழுதிய நாடகக் கட்டுரைக்கு என்ன கருத்துச் சொல்வது?

எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் பல பள்ளிகளில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துச் சொல்வது அவர்களுக்குப் பெரிய துணை. ஒருவர் மனம் ஒடிந்து பாடத்தை விட்டாலும் வகுப்பே ஆட்டம் காணும். ஆனால் இந்தப் படிப்பில் பெரும்பாலும் கிடைப்பது “நல்லா இருக்கு” அல்லது “இது தப்பு” என்பதுதான். இரண்டையும் வைத்துக்கொண்டு கட்டுரையைத் திருத்த முடியாது.

பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் தமிழ்த்தாய் வாழ்த்து இதன் பாயிரத்திலிருந்து வந்ததுதான். “சீவக மன்னன் அப்பாவி, எல்லாக் கேட்டுக்கும் அமைச்சன் குடிலனே காரணம்” என்று ஒரு மாணவி எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். “மன்னன் மேலயும் தப்பு இருக்கு” என்று மட்டும் சொன்னால் அவர் முகம் வாடும், கட்டுரை மாறாது. அவரை நாடகத்துக்குள் திருப்பி அனுப்பும் கேள்வி வேண்டும். மதுரையை விட்டு நெல்வேலியில் கோட்டை கட்டச் சம்மதித்தது யார்? குடிலன் மகன் பலதேவனையே சேரனிடம் தூது அனுப்பியது யார்? நாராயணன் குறிப்பால் எச்சரித்தும் அது மன்னன் காதில் ஏன் ஏறவில்லை? இவற்றைத் தேடிப் படித்த பிறகும் மன்னன் அப்பாவிதான் என்று அவர் சொன்னால், அதற்குக் காரணமும் சேர்த்தே எழுதுவார். அதுவும் நல்ல கட்டுரைதான்.

தகவல் பிழை வேறு, கருத்து வேறுபாடு வேறு. புருடோத்தமனைச் சோழன் என்று எழுதியிருந்தால் தயங்காமல் திருத்தலாம், அவன் சேரன். ஆனால் தோழி வாணியின் காதலுக்காகப் பரிந்து பேசிய மனோன்மணி, தந்தைக்காகப் பலதேவனை மணக்க இசைவது தியாகமா, அடங்கிப்போவதா? இங்கே “தப்பு” என்ற சொல்லுக்கு இடமில்லை. “எந்த இடத்தைப் படித்து இப்படித் தோன்றியது?” என்று கேட்கலாம். செய்யுள் நாடகம் என்பதால் அடிகளைப் பிரித்துப் படிப்பதிலேயே பொருள் மாறிவிடும். அந்தப் பகுதியை இருவரும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நாடகத்தில் ஐந்து அங்கங்கள், இருபது களங்கள். கருத்தின் பக்கத்தில் அங்கம், களம் எண்ணைக் குறித்துக் கொடுத்தால், எழுதியவர் வீட்டுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துக்கொள்வார்.