பனித்துளியும் பனிச்சரிவும்

தமிழில் ‘பனி’ என்பது சிறு சொல். ஆயின் அது சுட்டும் பொருள்கள் பல. வைகறையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியும் பனியே. இமயத்தின் முடியை மூடிக் கிடக்கும் வெண்குவியலும் பனியே. நிலநடுக்கோட்டிற்கு ஏறத்தாழ 2 பாகை வடக்கே, ஜோகூர் மாநிலத்துக் காஹாங்கில் வாழும் மாணவன் முன்னதை விடியற்காலையில் தோட்டத்துப் புல்லிலே காண்கிறான். பின்னதைப் படத்தில் மட்டுமே காண்கிறான். அவ்வட்டாரத்துப் பெலுமுட் மலையும் 1,010 மீட்டர் உயரமே உடையது. பாசி படர்ந்தது என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். இத்தகைய மாணவனுக்குப் பனிமலை ஏற்றத்தை விளக்கப் புகும் ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது? புல்நுனித் துளியிலிருந்தே தொடங்கலாம். அது வெறும் சொல்லொற்றுமை அன்று. மலையேறுவோர் உயிரைக் காக்கும் அறிவுக்கும் அத்துளியே வாயிலாகும்.

முதற்கண் அவ்வேற்றம் யாதெனக் காண்போம். ‘ஸ்கி’ எனப்படும் நீண்ட சறுக்குப் பலகைகள் இரண்டைக் காலில் பூட்டிக்கொண்டு, பாதையும் இழுவை வண்டியும் இல்லாத பனிமலையில் தன் ஆற்றலாலேயே ஏறி, பின்னர்ச் சறுக்கி இறங்குவது இக்கலை. வெறுங்காலணியுடன் நடந்தால் மென்பனியில் இடுப்பளவு புதைய நேரும். பலகையோ உடலின் எடையைப் பரந்த இடத்தில் பகிர்ந்துவிடுவதால் அத்துணை புதைவதில்லை. வழுக்கும் பலகை மேலேற உதவுவது எவ்வாறு? அதன் அடியில் மயிரடர்ந்த பட்டை ஒன்றை ஒட்டுவர். முற்காலத்தில் அது கடல்நாயின் தோல். இக்காலத்தில் அங்கோரா ஆட்டு மயிராலோ நைலானாலோ ஆனது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வால் நோக்கித் தடவினால் கை வழுக்கும். எதிர்த்துத் தடவினால் தடுக்கும். அவ்வாறே இப்பட்டையும் முன்னே செல்ல விடும். பின்னே சரிய விடாது. ஏறுகையில் குதிகால் பலகையினின்று உயரும்படி விட்டு வைப்பர். உச்சியில் பட்டையை உரித்து, குதிகாலையும் பூட்டி இறங்குவர்.

இக்கலையில் கருவியினும் அறிவே தலையாயது. அவ்வறிவு பனியின் அடுக்குகளைப் பற்றியது. மலைமேற் பனி ஒரே திரளன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. தெளிந்த, காற்றடங்கிய இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அக்குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிகிறது. காஹாங்கில் அது துளியாகிறது. நீலகிரியின் உதகையில், மார்கழி, தை மாதங்களில், பரப்பின் குளிர் உறைநிலைக்குக் கீழே செல்லும் இரவுகளில், அதுவே உறைபனியாகிப் புல்வெளியை வெளுக்கச் செய்கிறது. உயர்மலையில் வெண்பனிப் பரப்பின் மேலேயே அது மெல்லிய இறகு வடிவப் படிகங்களாக முளைக்கிறது. ஆக, மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே.

வெயிலில் மின்னும் அப்படிகங்களே, புதையுண்டபின், கூற்றாக மாறுகின்றன. அவற்றின் மேல் புதுப்பனி பொழிகிறது. காற்று அதனை இறுக்கிப் பாளமாக்குகிறது. நிமிர்த்தி நிறுத்திய தீக்குச்சிகளின் மேல் பெரும்பலகையை வைத்தாற்போன்ற நிலை அது. மேலே ஒரு மனிதன் செல்கிறான்; குச்சிகள் மடிகின்றன; பிளவு நொடியில் பரவுகிறது; பாளம் முழுதும் அவனோடு சரிகிறது. காற்றுக் குவித்த புதுப்பனியும் வெயிலில் நனைந்த பனியுங்கூடச் சரிவை விளைக்கும். எனினும், இவ்வாறு செல்வோரைக் கொல்லும் சரிவுகளிற் பெரும்பாலானவற்றைத் தூண்டியவர் அவரோ அவர் தோழரோ ஆவர் என்பது கருதத்தக்கது. மலை தானே வந்து விழுந்ததன்று. மனிதன் மிதித்து எழுப்பியது.

ஆகவே வல்லோர் குழி தோண்டி அடுக்குகளைச் சோதிப்பர். 30 முதல் 45 பாகை வரையுள்ள சாய்வே பெரிதும் சரிவதென அறிந்து சாய்வை அளப்பர். ஐயமுள்ள இடத்தை ஒருவர்பின் ஒருவராகவே கடப்பர். புதைந்தவரைத் தேடும் வானொலிக் கருவி, துழாவுகோல், மண்வாரி ஆகிய மூன்றும் இன்றிச் செல்லார். முதல் 10 மணித்துளிக்குள் தோண்டியெடுக்கப்படுவோருள் பெரும்பாலோர் பிழைப்பர். அரைமணி கடந்தால் பிழைப்போர் மிகச் சிலரே. வெளியூரிலிருந்து உதவி வரும்வரை உயிர் காத்திராது. உடன் சென்ற தோழனே காவலன்.

இந்திய நாட்டில் இக்கலைக்குப் பெயர்பெற்ற இடம் காஷ்மீரத்துக் குல்மார்க். 1948-இல் தளபதி திம்மய்யா அங்கே படைவீரர்க்கென ஸ்கிப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். இன்றைய உயர்மலைப் போர்ப்பள்ளி அதன் வளர்ச்சியே. அப்பள்ளியின் பயிற்சியாளரையே, 2010 பிப்ரவரி 8-ஆம் நாள், கிலன்மார்க்கில் பனிச்சரிவு தாக்கியது. 17 வீரர்கள் மாண்டனர். கற்றோர்க்கும் மலை விலக்களிப்பதில்லை.

பனியின் கொடுமை தமிழர் இல்லங்களையும் எட்டியதுண்டு. 2016 பிப்ரவரி 3-ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்துக் காவல்நிலையில், மதராஸ் படைப்பிரிவின் 19-ஆம் பட்டாலியனைச் சேர்ந்த காவலணியினர் பதின்மர் புதையுண்டனர். அவருள் நால்வர் தமிழ்நாட்டினர். ஒருவர் மட்டும் 8-ஆம் நாள் உயிருடன் மீட்கப்பெற்று, 11-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்படைப்பிரிவின் பயிற்சி நிலையம், உறைபனி காணும் நீலகிரியின் வெல்லிங்டனிலேயே உள்ளது. ஆயின் அன்று வீழ்ந்தது மேற்கூறிய பனிப்பாளம் அன்று. மாபெரும் பனிக்கட்டிச் சுவர். அதற்கு எவர் காலடியும் காரணமன்று. இரண்டையும் ‘பனிச்சரிவு’ என ஒரே சொல்லால் வழங்கினால், மனிதன் தவிர்க்கக்கூடியது எது, அவன் கைக்கு அப்பாற்பட்டது எது என்னும் வேறுபாடு மறைந்துபோகிறது.

எனவே வகுப்பறையில் பனித்துளி, உறைபனி, வெண்பனி, பனிக்கட்டி, பனியாறு எனவும், பனிச்சரிவு, பனிக்கட்டிச் சரிவு எனவும் பிரித்து வழங்குதல் நலம். சொற்களை ஆசிரியர் புதிதாகப் படைக்க வேண்டுவதில்லை. உள்ளவற்றை இடமறிந்து ஆளுதலே போதும். நாளைக் காலை, காஹாங் மாணவன் புல்நுனித் துளியைக் காணும்போது, மலைமுகட்டில் அதன் உடன்பிறப்பு என்ன செய்யும் என்பதையும் அவன் அறிந்திருப்பான்.