ரயில் போன பாதையில் மிதிவண்டி

மேட்டில் மிதிவண்டி ஓட்டியவர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். ஏற்றம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கால்கள் அதை உடனே உணர்ந்துவிடும். அப்படியிருக்க, குன்றுகள் நெருங்கிய ஒரு வட்டாரத்தில் 52 கிலோமீட்டர் தூரத்தை, ஏற்றத்துக்கு அஞ்சி ஓரிடத்தில் கூட இறங்கித் தள்ளாமல் சாதாரண மனிதர் ஒருவர் கடக்க முடியுமா? முடியும். அவர் ரயில் போன வழியில் போக வேண்டும், அவ்வளவுதான்.

அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய், ஸ்பார்ட்டா என்னும் இரு சிற்றூர்களை இணைத்து 1873-ல் ஓர் இருப்புப்பாதை முடிக்கப்பட்டது. 1960-களின் நடுவில் அதில் ரயில்கள் நின்றன. தண்டவாளங்களும் குறுக்குக்கட்டைகளும் அகற்றப்பட்டன. மாநில அரசு அந்த நிலத்தை வாங்கி, 1967-ல் மிதிவண்டிப் பாதையாகத் திறந்தது. கைவிடப்பட்ட இருப்புப்பாதைகளை இவ்வாறு மாற்றிய தொடக்க கால முயற்சிகளுள் இது ஒன்று.

ரயிலின் பலவீனம்

இருப்புப்பாதை ஏன் மேடு பள்ளம் இல்லாமல் போகிறது? எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது மிக எளிதாக உருள்கிறது. சமதளத்தில் 1000 டன் எடையுள்ள ரயிலை இழுக்க ஏறத்தாழ 2 அல்லது 3 டன் விசை போதும். ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றம் வந்துவிட்டால், புவியீர்ப்பை வெல்வதற்கு மட்டும் இன்னும் 10 டன் விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு, எஞ்சினின் சுமையை நான்கைந்து மடங்கு ஆக்கிவிடுகிறது! அதோடு, எஃகின்மீது எஃகுக்குப் பிடிப்பும் குறைவு. வலிமையைக் கூட்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்.

ஆகவே பொறியாளர்களுக்கு வேறு வழியில்லை. பள்ளங்களில் மண்கரை எழுப்பினார்கள், மேடுகளை வெட்டினார்கள், வெட்ட முடியாத குன்றுகளைக் குடைந்தார்கள். எல்ராய் - ஸ்பார்ட்டா பாதையில் மூன்று சுரங்கங்கள் உள்ளன. இரண்டு ஏறத்தாழ 500 மீட்டர் நீளமுடையவை. மூன்றாவது 1160 மீட்டர். பழைய பனியாறுகள் தேய்த்துச் சமப்படுத்தாமல் விட்ட நிலம் இது. குன்றுகள் செங்குத்தாக நிற்பதற்கு அதுவே காரணம். ஆயினும் பாதையின் ஏற்றம் எங்கும் நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவதில்லை. ரயிலுக்காகப் பட்ட பாடு இன்று மிதிவண்டிக்குப் பயன்படுகிறது.

மறைந்திருக்கும் மேடு

சரிவு குறைந்துவிட்டால் பயணம் எளிதாகிவிடுமா? அதற்குத் தரையும் ஒத்துழைக்க வேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில், 800 கிராம் எடையைத் தூக்கும் அளவு விசை கூடுதலாக வேண்டும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் இதற்கு ஏறத்தாழ 33 வாட் திறன் செலவாகும். நீண்ட நேரம் மிதிக்கும் சாதாரண மனிதர் தரக்கூடிய திறனோ 75 முதல் 100 வாட் வரைதான்.

இனி, தரையைப் பார்ப்போம். இப்பாதையின் மேற்பரப்பு, பொடித்து அழுத்திய சுண்ணாம்புக்கல். பெரிய துகள்களின் இடைவெளிகளை நுண்பொடி நிரப்பிப் பிணைக்கிறது. காய்ந்திருக்கும்போது அது தார்ச்சாலைக்குச் சற்றே குறைந்த உறுதியுடன் இருக்கும். அளவுக்கு மிஞ்சிய நீர் உள்ளே புகுந்தால் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் நிலை தளர்ந்துவிடும். சக்கரம் அழுந்தும். அழுந்திய சக்கரம் தானே உண்டாக்கிய குழியிலிருந்து ஒவ்வொரு கணமும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். நனைந்து இளகிய தரையில் உருளும் தடை, காய்ந்த தரையில் இருப்பதைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு கூட ஆகலாம்.

இயற்பியலின்படி இந்தத் தடையும் ஏற்றத்தின் தடையும் ஒன்றோடொன்று கூட்டிக் கொள்ளக்கூடியவை. இளகிய தரை 800 கிராம் விசையைக் கூடுதலாகக் கேட்டால், சமதளப் பாதை நூற்றுக்கு ஒன்று ஏற்றமாகிவிட்டது என்று பொருள். குன்றைக் குடைந்து பொறியாளர் அகற்றிய மேட்டைச் சேறு திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது!

நீரே முதல் பகை

எனவே இத்தகைய பாதையின் உயிர் வடிகாலில் இருக்கிறது. பழைய ரயில்பாதையின் சரளைக்கல் அடித்தளம் நீரைக் கீழே இறக்குகிறது. மேற்பரப்பு நடுவில் சற்று உயர்ந்து, மழைநீரை இருபுறமும் வழியவிடுகிறது. ஓரத்துச் சாக்கடைகள் அதை அப்பால் கொண்டுபோகின்றன. இவற்றுள் ஒன்று இலை தழையால் அடைபட்டாலும் நீர் தேங்கும். பனி உருகும் பருவத்தில் தொல்லை இன்னும் அதிகம்: மேல்மண் இளகிவிடும், கீழே உறைந்த மண் நீரை இறங்க விடாது.

வெள்ளம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். மிசௌரி மாநிலத்தில் ஆற்றங்கரையை ஒட்டி ஓடிய ஓர் இருப்புப்பாதையை 1986 அக்டோபரில் வெள்ளம் சிதைக்க, ரயில்கள் நின்றுபோயின. அது கேட்டி பாதை என்ற பெயரில் மிதிவண்டிக்கு உரியதான பின், 1993-ன் பெருவெள்ளம் அதையும் பல மைல் தூரம் அரித்துச் சென்றது. இரு முறையும் பகை ஒன்றே.

ஓட்டுபவர் அறிய வேண்டியவை

மெல்லிய டயர் தரையை மிகுந்த அழுத்தத்துடன் குத்துகிறது. ஆகவே இங்கே சற்று அகன்ற டயர் நல்லது. காற்றும் சிறிது குறைவாக இருக்கலாம். நனைந்த மரப்பலகைப் பாலத்தின்மீது வண்டியை வளைக்காமலும் திடீரென்று பிரேக் பிடிக்காமலும் நேராகச் செல்ல வேண்டும். சுரங்கத்துள் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும், கைவிளக்கு தேவை. நண்பகலிலும் அங்கே இருட்டு, கூரையிலிருந்து நீர் சொட்டும், கோடையிலும் குளிரும். மற்றொன்று: மெல்லிய ஏற்றம் கண்ணுக்குப் புலப்படாது. சமதளம் போலத் தோன்றும் இடத்தில் கால் சோர்ந்தால், உடலில் குறை என்று எண்ண வேண்டாம். பல்சக்கரத்தை மாற்றி, மெதுவாக மிதித்தால் போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, மழைக்குப் பின் ஓரிரு நாள் பொறுத்திருப்பது. இளகிய தரையில் ஒருவர் ஓட்டினால் தடம் பதிகிறது. அத்தடத்தில் அடுத்த மழைநீர் தேங்குகிறது. தேங்கிய நீர் தரையை மேலும் இளக்குகிறது. பின்னால் வருபவர் இன்னும் ஆழமாகப் பதிக்கிறார்.

அந்நாளில் எல்ராய் - ஸ்பார்ட்டா சுரங்கங்களின் வாயில்களில் பெரிய மரக்கதவுகள் இருந்தன. குளிர்காலத்தில் ஒவ்வொரு ரயிலுக்கும் காவலர் அவற்றைத் திறந்து மூடுவார். உள்ளே கசியும் நீர் உறைந்து பாறையைப் பிளந்துவிடக் கூடாது என்பதே காரணம். ரயிலும் காவலரும் போய்விட்டார்கள். கசியும் நீர் மட்டும் போகவில்லை. அதைக் கவனிக்கும் பொறுப்பு இன்று பாதையைப் பேணுவோருக்கும், அதில் மிதிவண்டி ஓட்டும் ஒவ்வொருவருக்கும் உரியது.