வரியும் வழக்கும்

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே நோக்குவார்க்கு ஏலமலைச் சரிவு நெடுமதில்போல் தோன்றும். அதன்மேல் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால் கேரள நாடு. மலையில் விளையும் ஏலக்காய் கீழிறங்கி இந்நகரில் ஏலம் போகிறது. ஆதலின் ஈண்டுக் கிடங்கும் வீடும் கட்டி வாடகைக்கு விடுவோர் உளர். அத்தகைய ஒருவருக்கு நகரசபையினின்று அரையாண்டு வரிச்சீட்டு வருகிறது. தொகை அநியாயமென்று அவர் கருதினால் நியாயஸ்தலத்தை நாடலாமோ? அங்கே எவ்வாதம் செல்லும், எது செல்லாது? இதனைச் சிறிது ஆராய்வோம்.

தொகை மிகுதி என்னும் மனக்குறை மட்டும் வழக்குக்குப் போதாது. 2023 வரை இந்நகருக்கு உரியதாயிருந்த 1920-ஆம் ஆண்டு ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம் இதில் கண்டிப்பானது. சபையார் சட்ட விதிகளைச் சாராம்சத்தில் அனுசரித்திருந்தால், சில்லறைப் பிழைகளைக் காட்டி வரியைக் கோர்ட்டில் எதிர்த்தல் ஆகாது. சொத்துடையார் முதலில் சபையிடமே முறையிட்டுப் பிறகு அப்பீல் செய்தல் வேண்டும். காரணம் வெளிப்படை. ஒவ்வொரு சீட்டும் வழக்காகுமாயின், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பணம் எங்கிருந்து வரும்?

ஆயினும் சபையே சட்டத்தை மீறினால் கதவு திறக்கும். அச்சட்டப்படி வரிக்கு அடிப்படை ஆண்டு மதிப்பு; அதாவது, அக்கட்டடம் நியாயமாகப் பெறக்கூடிய வருஷ வாடகையில், கட்டடத்திற்குரிய பங்கில் நூற்றுக்குப் பத்துப் பழுதுச் செலவாகக் கழித்த தொகை. அதே சட்டம் நடைபெற்ற குண்டூரில், வரி செலுத்துவோர் சங்கத்தார் ஒரு வினா எழுப்பினர். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நியாய வாடகைக்கு மேல் வாங்கலாகாது என்கிறது. அங்ஙனமாயின், வாங்கக்கூடாத வாடகையின்மேல் வரி விதிப்பது எங்ஙனம்? 1970-இல் சுப்ரீம் கோர்ட்டு அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. நியாய வாடகை இன்னும் நிர்ணயிக்கப்படாத வீட்டிற்கும், அதற்குரிய விதிகளைக் கருதியே மதிப்பிட வேண்டும் என்றது.

இனி மலைக்கு அப்பால் செல்வோம். திருவாங்கூர்-கொச்சி நிலவரிச் சட்டம் 1955-இல் இயற்றப்பெற்று, 1957-இல் திருத்தப்பெற்றது. அதன்படி கேரளத்தில் எந்நிலத்திற்கும் சென்டு ஒன்றுக்கு 2 நயாபைசா, அதாவது ஏக்கருக்கு 2 ரூபாய் வரி. நஞ்சையாயினும், ஏலத்தோட்டமாயினும், பாறைக்காடாயினும் அளவு ஒன்றே. தாத்துண்ணி மூப்பில் நாயர் முதலிய நிலவுடைமையாளர் இதனை எதிர்த்தனர். காட்டினின்று ஆண்டுக்கு 3,100 ரூபாய் வருமானமுடைய ஒருவருக்கு விதிக்கப்பெற்ற வரி 54,000 ரூபாய்க்கு மேல்! விளைவு வேறுபாட்டைச் சிறிதும் நோக்காமல் யாவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது சமத்துவத்திற்கே மாறென்று தலைமை நீதிபதி சின்ஹா முதலிய நால்வர் 1960 டிசம்பரில் சட்டத்தைத் தள்ளினர். நீதிபதி சர்க்கார் ஒருவர் மட்டும் உடன்படவில்லை. ஆனால் வரி ஒழிந்ததோ? இல்லை. 1961-இல் கேரளத்தில் புதிய நிலவரிச் சட்டம் பிறந்தது.

குண்டூர்த் தீர்ப்பையும் இன்று தமிழ்நாட்டில் அப்படியே எடுத்துக் காட்டல் இயலாது. நியாய வாடகை நிர்ணயித்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நீங்கிற்று. 2023-இல் நகரசபைகளுக்கும் புதுச் சட்டம் வந்தது. எனினும் இவ்விரு வழக்குகளின் கருத்து ஒன்றே: சொத்து உண்மையில் தரக்கூடியதை மறந்து வரி விதித்தல் முறையன்று.

ஆதலின் வரிச்சீட்டைக் கண்டு வெகுள்பவர் முதலில் கேட்கவேண்டியது, “தொகை பெரிதோ?” என்பதன்று, “இதனை எவ்விதியின்படி கணக்கிட்டனர்?” என்பதே. அவ்வினாவிற்கு விடையில்லையெனில் நியாயஸ்தலம் செவிசாய்க்கும். விடையுண்டெனில் வரியைச் செலுத்துவதே குடிமகன் கடன். அப்பணமே அவர் வாயிலில் விளக்காய் எரிகிறது.