ரொட்டி விலை 20 ஆயிரம் கோடி! ஜெர்மனியில் நடுத்தரக் குடும்பங்கள் கொண்ட கோபம்

ஜெர்மனியின் தலைநகர் பெர்லின். 1923-ம் ஆண்டு நவம்பர் மாதம். ஒரு ரொட்டியின் விலை சுமார் 20 ஆயிரம் கோடி மார்க்!

மார்க் என்பது அந்த நாட்டு நாணயம். முதல் உலகப் போருக்கு முன்பு, 1914-ல், நாலேகால் மார்க் கொடுத்தால் ஓர் அமெரிக்க டாலர் கிடைத்தது. 1923 நவம்பரில் அதே டாலரின் விலை 4 லட்சத்து 20 ஆயிரம் கோடி மார்க்!

சம்பளம் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. நோட்டுக் கட்டுகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு நேரே கடைக்கு ஓடினார்கள். சற்றுத் தாமதித்தால் விலை ஏறிவிடும்.

இதுவரை பலரும் கேட்ட கதைதான். அதன் பிறகு நடந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

யாருக்கு அடி?

விலைவாசி ஏறினால் எல்லோருக்கும் கஷ்டம்தான். ஆனால் ஒரே மாதிரியான கஷ்டம் அல்ல. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. கூலியை உயர்த்தித் தரும்படி கேட்டது. விவசாயியிடம் தானியம் இருந்தது.

கடன் வாங்கியவருக்கோ கொண்டாட்டம்! வீட்டை அடமானம் வைத்து 20 ஆயிரம் மார்க் வாங்கியவர், ஒரு ரொட்டித் துணுக்கின் விலைகூட இல்லாத காகிதத்தை நீட்டி அந்தக் கடனைத் தீர்த்தார். கொடுத்தவர் மறுக்க முடியாது. ஒரு மார்க்குக்கு ஒரு மார்க் என்பதுதான் சட்டம். ஹியூகோ ஸ்டின்னஸ் என்ற முதலாளி கடன் வாங்கி வாங்கியே சுரங்கங்களையும் ஆலைகளையும் கப்பல்களையும் குவித்தார்.

அடிபட்டவர் யார்? சிக்கனமாக இருந்து சேமித்தவர்! பென்ஷன் வாங்கும் ஆசிரியர், வட்டிப் பணத்தில் காலம் தள்ளிய விதவை, மகள் கல்யாணத்துக்குப் பணம் சேர்த்த சிறு கடைக்காரர், சர்க்கார் குமாஸ்தா.

போர்க் காலத்தில் இவர்களிடம்தான் சர்க்கார் கடன் கேட்டது. 9 தடவை கடன் பத்திரம் வெளியிட்டது. தேசத்துக்காக என்று நம்பி மக்கள் வாங்கினார்கள். சுமார் 9,800 கோடி மார்க் சேர்ந்தது.

1923 நவம்பர் 15-ந் தேதி புது நாணயம் வந்தது. பழைய மார்க் ஒரு லட்சம் கோடிக்கு, புது மார்க் ஒன்றே ஒன்று! கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்கள் கொடுத்த 9,800 கோடியும் சேர்ந்து புதுக் காசில் ஒரு மார்க்கில் பத்தில் ஒரு பங்குகூடப் பெறாது. சர்க்காரின் கடன் தீர்ந்தது. குடும்பங்களின் பெட்டியில் வெறும் காகிதம் மிஞ்சியது.

கோர்ட்டுக்குப் போனார்கள்

இவர்கள் கல்லை எடுக்கவில்லை. சட்டத்தை நம்பினார்கள்.

நவம்பர் 28-ந் தேதி, லீப்சிக் நகரில் இருந்த உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. பழைய அடமானக் கடனை வெறும் காகிதத்தால் தீர்ப்பது நியாயம் அல்ல என்றது. (நீதிபதிகளும் சேமித்து இழந்த வர்க்கம்தான் என்பதை மறக்கக்கூடாது.)

1924-ம் ஆண்டில் தேர்தல். தேசிய மக்கள் கட்சி என்ற பெரிய கட்சி, முழுப் பணத்துக்கும் வழி செய்வதாக வாக்குறுதி கொடுத்தது. ஓட்டு குவிந்தது. 1925 ஜனவரியில் அந்தக் கட்சி மந்திரி சபையில் சேர்ந்தது. ஜூலையில் சட்டம் வந்தது.

என்ன சட்டம்? அடமானக் கடனுக்கு 100-க்கு 25 தரப்படும். அதையும் 1932 வரை கேட்கக்கூடாது! சர்க்கார் பத்திரத்துக்கு 100-க்கு இரண்டரை. ஆரம்பம் முதல் கைமாற்றாமல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் சீட்டுக் குலுக்கிச் சற்று அதிகம் தரப்படும்.

வாக்குறுதியை நம்பி ஓட்டுப் போட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். பணம் போனதைவிட ஏமாற்றப்பட்டது அதிகமாக வலித்தது.

சின்னக் கட்சிகள்

பணத்தின் மதிப்புப் போனது, உடனே ஹிட்லர் வந்துவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அந்த 1923 நவம்பரிலேயே அவர் மியூனிச் நகரில் ஆட்சியைக் கவிழ்க்க முயன்றார்; தோற்றார்; ஜெயிலுக்குப் போனார்.

1928-ம் ஆண்டுத் தேர்தலில் அவருடைய நாஜிக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள் வெறும் 12.

அப்படியானால் கோபம் எங்கே போயிற்று? அந்தத் தேர்தலில் தேசிய மக்கள் கட்சி 103 இடங்களிலிருந்து 73-க்கு இறங்கியது. வீட்டுச் சொந்தக்காரர்களும் கடைக்காரர்களும் சேர்ந்த கட்சி ஒன்று 23 இடங்களைப் பிடித்தது. பணத்தை இழந்தவர்களே நடத்திய கட்சி ஒன்று 2 இடங்களைப் பெற்றது. மக்கள் பழைய கட்சிகளை விட்டு விலகிவிட்டார்கள். புது இடம் இன்னும் சேரவில்லை. அந்த ஐந்து வருஷத்தில் யாராவது பெரிய தலைவர் இவர்களுடைய குறையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாவது அடி

1929-ல் உலகம் எங்கும் வியாபாரம் படுத்தது. ஜெர்மன் சர்க்கார் உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தை வெட்டியது, மறுபடியும் வெட்டியது. 1931 ஜூலையில் ஒரு பெரிய பாங்கி முறிந்தது. எல்லாப் பாங்கிகளும் கதவைச் சாத்தின. 8 வருஷத்துக்கு முன்பு எல்லாவற்றையும் இழந்து, மறுபடியும் சிறுகச் சிறுகச் சேர்த்தவர்கள் மூடிய கதவுக்கு முன்னால் நின்றார்கள்! 1932 தொடக்கத்தில் வேலை இல்லாதோர் 60 லட்சத்துக்கு மேல்.

ஹிட்லர் ஆளுக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார். பெரிய பெரிய அங்காடிகளைப் பிடுங்கி, சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்கு விடுவதாக அவர் கட்சியின் திட்டத்திலேயே எழுதியிருந்தது. எல்லாக் கேட்டுக்கும் யூதர்களே காரணம் என்று பொய் சொன்னார். அந்தப் பொய்க்குப் பின்னால் பல லட்சம் உயிர்கள் பலியாயின.

1930-ல் நாஜிகளுக்கு 107 இடம். 1932 ஜூலையில் 230! எல்லாம் நடுத்தர வகுப்பாரின் ஓட்டு அல்ல, தொழிலாளர்களும் போட்டார்கள். ஆனால் கத்தோலிக்கர்களின் கட்சி குலையவில்லை. இடதுசாரிக் கட்சிகளும் மொத்தத்தில் நின்றன. இடிந்து விழுந்தவை நடுத்தர மக்கள் நம்பிய கட்சிகளே. அவற்றில் ஒன்றான ஜனநாயகக் கட்சிக்கு 1919-ல் 75 இடம்; 1932 ஜூலையில் 4!

1933 ஜனவரி 30-ந் தேதி ஹிட்லர் பிரதமர் ஆனார். பெரிய அங்காடிகளை அவர் சிறு வியாபாரிகளுக்குப் பங்கு போடவில்லை. மக்களைச் சேமிக்கச் சொன்னார். பாங்கிகளில் சேர்ந்த பணத்தைச் சத்தம் இல்லாமல் எடுத்து ஆயுதத்துக்கும் போருக்கும் செலவழித்தார்.

போரில் ஜெர்மனி தோற்றது. 1948 ஜூனில் மேற்கு ஜெர்மனியில் மறுபடியும் புது நாணயம் வந்தது. பாங்கியில் 100 மார்க் போட்டிருந்தவருக்குக் கடைசியில் கிடைத்தது ஆறரை மார்க். 1923-ல் 30 வயதில் எல்லாம் இழந்தவருக்கு அப்போது வயது 55.