முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு. அது உங்கள் இரத்தத்தில் சேருகிறதா?

காலையில் மூன்று தோசை, சாம்பார், கூடவே ஒரு கிளாஸ் தே தாரிக். மதியம் சோறு, பருப்பு, முருங்கைக்கீரைப் பொரியல். கை கழுவியதும் ஒரு காப்பி. குறை சொல்ல முடியாத சாப்பாடுதான். ஆனாலும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாலை நான்கு மணிக்கே உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடுகிறது. கிளினிக்கில் சோதித்துப் பார்த்தால் "இரத்தம் கம்மி" என்கிறார்கள். "கீரையெல்லாம் சாப்பிடுகிறேனே டாக்டர்" என்று நீங்கள் சொல்வதில் பொய் ஏதுமில்லை. கீரையை நீங்கள் சாப்பிட்டது உண்மை. அதிலிருந்த இரும்பில் பெரும்பகுதி உங்கள் குடலைக் கடந்து வெளியே போய்விட்டதும் உண்மை.

இது ஓரிருவர் கதையன்று. நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பத்துப் பேரில் மூவருக்கு இரத்தச்சோகை இருப்பதாகச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வு கண்டறிந்தது. வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மா, "எனக்கு எப்போதும் இப்படித்தான் அசதியாக இருக்கும்" என்று சொல்வதை நாம் பல ஆண்டுகளாக இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தமே 3 முதல் 4 கிராம்தான். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் இருக்கிறது. நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு போய்த் தசைக்கும் மூளைக்கும் கொடுப்பது அதுதான். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். அது சாகும்போது உடல் அதிலுள்ள இரும்பை வீசி எறிவதில்லை, பழைய இரும்புக் கடைக்காரரைப்போல் எடுத்து வைத்துப் புதிய அணுவுக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அதனால் ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம் உள்ளே வந்தாலே போதும். மாதவிடாய் வரும் பெண்களுக்கு இழப்பு அதிகம், தேவையும் அதிகம். கருவுற்றால் இன்னும் கூடும்.

வெறும் ஒன்றிரண்டு மில்லிகிராம்தானே என்று தோன்றும். ஆனால் மலேசியர்களுக்கான 2017ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரையில் 19 முதல் 50 வயதுப் பெண்களுக்கு இரண்டு எண்கள் தரப்பட்டுள்ளன. உணவிலுள்ள இரும்பில் 10 விழுக்காடு உடலில் சேருமானால் நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை. 15 விழுக்காடு சேருமானால் 20 மில்லிகிராம் போதும். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இருப்பதே 4 முதல் 5 மில்லிகிராம்தான். 29 மில்லிகிராமைக் கீரையாலும் பருப்பாலும் மட்டுமே எட்டுவது மலையேறுவதுபோல. ஆனால் சேரும் விழுக்காட்டைச் சற்றே உயர்த்தினால், தட்டில் ஒரு பிடி கூடப் போடாமலே 9 மில்லிகிராம் பாரம் குறைகிறது. அந்த விழுக்காடு உங்கள் அடுப்படியில்தான் தீர்மானமாகிறது.

(முருங்கையில் பசலைக்கீரையைவிட 25 மடங்கு இரும்பு என்று கைப்பேசியில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். அது காய வைத்து அரைத்த பொடியையும் தண்ணீர் நிறைந்த பச்சைக் கீரையையும் ஒன்றாக நிறுத்தி ஒப்பிட்ட கணக்கு. பச்சைக்குப் பச்சை வைத்தால் முருங்கை ஒன்றரை மடங்கு. அதுவே நல்ல செய்திதானே!)

தேநீரும் இரும்பும் சேர்ந்தால் மை

உணவிலுள்ள இரும்பு இரண்டு வகை. இறைச்சி, ஈரல், மீன், சிப்பி ஆகியவற்றில் உள்ள 'ஹீம்' இரும்பில் சுமார் 15 முதல் 35 விழுக்காடு உடலில் சேரும். கீரை, பருப்பு, கேழ்வரகு, முட்டை ஆகியவற்றில் உள்ள மற்றொரு வகை 2 விழுக்காடும் சேரலாம், 20 விழுக்காடும் சேரலாம். உங்கள் உடலில் இரும்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதும், கூடவே வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதும் அதை முடிவு செய்யும்.

கூடப் போவதில் முதல் எதிரி தேநீர். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சோதனை செய்து காட்டுங்கள். கடுந்தேநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி, துருப்பிடித்த ஓர் ஆணியைப் போட்டு இரவு முழுக்க வையுங்கள். மறுநாள் காலை தேநீர் கறுத்திருக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மையும் சாயமும் செய்தது இதே வினையால்தான். துவர்ப்புப் பொருளான டானின் இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத பொருளாகிவிடுகிறது. கரையாததைக் குடல் உறிஞ்சாது. (ஆணி போட்ட தேநீரை மறக்காமல் கொட்டிவிடுங்கள்.)

1970களில் தென்னாப்பிரிக்காவின் நாட்டால் பகுதி இந்தியச் சமூகத்தில் இரும்புக் குறைபாடு மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். நம் முன்னோர் ரப்பர் தோட்டத்துக்கு வந்ததுபோல, 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பெரும்பாலும் தாவர உணவு, கூடவே தேநீர். அந்நாட்டு ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் குடித்தபோது இரும்பு சேர்வது மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சரிந்தது தெரியவந்தது.

பால் சேர்த்தால் சரியாகிவிடாதா? 1999இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வு அதையும் பார்த்தது. பால் ஊற்றியதால் பெரிய வித்தியாசமில்லை. ஆகவே தே தாரிக்கை எவ்வளவு உயரத்திலிருந்து ஆற்றினாலும் இந்த விஷயத்தில் பயனில்லை. கொக்கோ, புதினாத் தேநீர் ஆகியவையும் அந்த ஆய்வில் இரும்பைத் தடுத்தன.

தேநீரை விடச் சொன்னால் நீங்கள் இந்தப் பக்கத்தை மடித்துவிடுவீர்கள் என்று தெரியும். விட வேண்டாம், தள்ளிப் போட்டால் போதும். 2017இல் பிரிட்டனில் 12 பெண்களிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தபோது 5.7 விழுக்காடு இரும்பு சேர்ந்தது. தேநீர் குடித்தபோது 3.6 விழுக்காடு. அதே தேநீரைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது மறுபடியும் 5.7. காப்பிக்கு மட்டும் இந்தச் சலுகை போதாதுபோலும். 1983இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன் குடித்த காப்பி கெடுதல் செய்யவில்லை, ஒரு மணி நேரம் பின் குடித்ததோ கூடவே குடித்ததுபோல் தடுத்தது. ஆகவே காப்பிப் பிரியர்கள் எழுந்ததும் குடித்துவிட்டு, பசியாறலை ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்வது நல்லது.

எலுமிச்சை பிழியலாம், கொய்யா கடிக்கலாம்

தடுப்பவை இருப்பதுபோல் உதவுபவையும் உண்டு. வைட்டமின் சி இரும்பைக் கரையும் வடிவில் வைத்திருக்கிறது. கீரையில் எலுமிச்சை பிழிவது நல்ல பழக்கம்தான், ஆனால் அடுப்பை அணைத்தபின் பிழியுங்கள், கொதியில் வைட்டமின் சி அழியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலுமிச்சை நாம் நினைக்கும் அளவுக்குப் பெரிய ஆள் இல்லை. 100 மில்லி சாற்றில் 30 மில்லிகிராம் அளவே வைட்டமின் சி இருக்கும், நாம் பிழிவதோ ஒரு கரண்டி. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. இந்தியாவில் வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், சோற்றுச் சாப்பாட்டோடு 100 கிராம் கொய்யா கொடுத்தபோது இரும்பு சேர்வது இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. பாசார் மாலாமில் வெட்டி விற்கும் கொய்யாவைப் படம் பார்க்கும்போது தின்னாமல், சோற்றோடு தின்றால் பலன். பப்பாளியும் ஆகும்.

சாம்பாரில் சின்ன வெங்காயமும் பூண்டும் இருக்கட்டும். மைசூரில் ஆய்வகக் கலன்களில் செய்த சோதனையில், இவை தானியத்திலும் பருப்பிலும் உள்ள இரும்பு எளிதில் விடுபட உதவின. மனிதர்களிடம் செய்ததல்ல என்பதால் அளவோடு நம்புங்கள். பருப்பையும் பயற்றையும் ஊற வைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்க வைத்தல் ஆகியவை இரும்பைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட்டைக் குறைக்கின்றன. புளித்த தோசை மாவுக்கும் தெம்பேக்கும் இந்த வகையில் மதிப்பு அதிகம். காய்ந்த மிளகாய்க்குக் கெட்ட செய்தி. தாய்லாந்தில் இளம் பெண்களிடம் நடந்து 2006இல் வெளியான ஆய்வில், சுமார் 4 கிராம் மிளகாய் சேர்த்த உணவில் இரும்பு சேர்வது 38 விழுக்காடு குறைந்தது. மஞ்சள் எதுவும் செய்யவில்லை. சம்பாலைக் கைவிடச் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, கரண்டியைச் சற்றுச் சிறிதாக்கலாம்.

அசைவம் உண்பவர்களுக்கு ஓர் எளிய வழி ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறது: நெத்திலி போட்ட கீரை. மீனும் இறைச்சியும் தம்மிடமுள்ள இரும்பைத் தருவதோடு, அதே தட்டிலுள்ள கீரையின் இரும்பும் சேர உதவுகின்றன. சார் குவே தியாவில் போடும் இரத்தச் சிப்பியின் சிவப்பு நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின்தான். நன்றாக வேக வைத்துச் சாப்பிடுங்கள், அரைவேக்காட்டுச் சிப்பி கல்லீரல் அழற்சியைக் கொண்டுவரலாம். கோழி ஈரலில் இரும்பு ஏராளம். வைட்டமின் ஏ-யும் ஏராளம் என்பதால் கருவுற்றவர்கள் தவிர்க்க வேண்டும்.

பரணில் கிடக்கும் இரும்புச் சட்டி

பாட்டியின் இரும்புச் சட்டி எவர்சில்வருக்கும் நான்ஸ்டிக்குக்கும் இடம் விட்டுப் பரணேறிவிட்டது. அதை இறக்கலாம். 1986இல் அமெரிக்காவில் அளந்து பார்த்தபோது, 100 கிராம் தக்காளிக் குழம்பில் 0.6 மில்லிகிராமாக இருந்த இரும்பு, இரும்புச் சட்டியில் சமைத்தபின் 5.8 மில்லிகிராம் அளவுக்கு உயர்ந்தது. புளிப்பும் ஈரமும் நீண்ட நேரக் கொதியும் இருந்தால் அதிகம் கரையும். தோசைக்கல்லில் நொடியில் எடுக்கும் தோசையைவிடத் தக்காளித் தொக்குக்கே பலன் கூடுதல். எத்தியோப்பியாவில் குழந்தைகளிடம் ஓராண்டு நடந்து 1999இல் வெளியான ஆய்வில், இரும்புப் பானையில் சமைத்த வீடுகளின் குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 1.7 கிராம் கூடியது, அலுமினியப் பானை வீடுகளில் 0.4 கிராம்தான்.

சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இல்லையேல் நிறமும் ருசியும் கெடும். கழுவியவுடன் துடைத்து, எண்ணெய் தடவி வையுங்கள். உரிந்து வரும் துருவைச் சாப்பிட வேண்டாம், அதிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது சொற்பமே.

இரும்புப் பாத்திரத்தில் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. கம்போடியாவில் 2008 வாக்கில் கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் சார்ல்ஸ் என்ற ஆய்வு மாணவர், குழம்பில் போட்டுக் கொதிக்க வைக்க இரும்புக் கட்டி கொடுத்துப் பார்த்தார். யாரும் போடவில்லை. அங்கே அதிர்ஷ்டமாகக் கருதப்படும் மீனின் வடிவில் வார்த்துக் கொடுத்ததும் பெண்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். 'அதிர்ஷ்ட இரும்பு மீன்' உலகப் புகழ் பெற்றது. ஆனால் 340 பெண்களிடம் ஓராண்டு நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அந்த மீனும் பலன் தரவில்லை, இரும்பு மாத்திரையும் பலன் தரவில்லை. அப்பெண்களின் சோகைக்குப் பெரும்பாலும் இரும்புக் குறைவு காரணமே அல்ல. பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் கோளாறுகள் அங்கே அதிகம்.

இங்கும் அதே நிலைதான். தலசேமியா மரபணுவைச் சுமப்பவர்கள் மலேசியாவில் நிறையப் பேர். அதனால்தான் 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குச் சோதனை நடக்கிறது. அவர்களின் சிவப்பணு சிறுத்து, ஹீமோகுளோபின் குறைந்து, பார்வைக்கு இரும்புக் குறைபாடுபோலவே இருக்கும். இரும்பைக் கொட்டினாலும் அது மாறாது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசேமியா நோயாளிகளுக்கு இரும்பு உடலில் தேங்கிக் கேடு செய்யும், இரும்புச் சட்டியும் அவர்களுக்கு ஆகாது.

ஆகவே ஹீமோகுளோபின் குறைவு என்று சொன்னால், ஃபெரிட்டின் அளவையும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டுவது அது. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழும், கருவுற்றவர்களுக்கு 11க்குக் கீழும், ஆண்களுக்கு 13க்குக் கீழும் இருந்தால் இரத்தச்சோகை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்புக் குறைந்திருந்தால் கீரையால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். மாதவிடாயில் அளவுக்கு மீறிப் போகிறது என்றால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் அதையும் தேநீரோடு விழுங்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், மாத்திரையின் நிறம்தான். மாத்திரைப் புட்டியைச் சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்து விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.