அடிக்கடி வயிறு உப்பும் இளம் பசு

காஞ்சீபுரத்தின் தென்புறத்தில் பாலாற்றை ஒட்டி அமைந்த செவிலிமேட்டில், முன்கட்டில் பட்டுத் தறியும் பின்கட்டில் கறவை மாடுமாக ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. தறிக்கூலி தாமதமாகும் மாதங்களில் பால் பணமே குடும்பத்தைத் தாங்குகிறபடியால், அத்தகைய வீட்டில் தலையீற்றுப் பசு ஒன்று தீனியைத் தொடாமல், இடது வயிறு மத்தளம்போல் உப்பி, மூச்சு வாங்கி நிற்குமாயின், வீட்டார் அனைவரும் கலங்கிப் போவது இயல்பே. கைவைத்தியத்தாலோ ஊசி மருந்தாலோ அன்றைக்கு உப்புசம் வடிந்துவிடுகிறது. சில நாட்களில் மறுபடியும் வருகிறது. இவ்வாறு திரும்பத் திரும்ப வரும் உப்புசத்தை அந்தந்த வேளைக்குத் தணித்துவிட்டு மறந்துவிடலாகாது. உள்ளே மறைந்திருக்கும் வேறொரு காரணத்தின் அடையாளம் அது என்று கொண்டு, அக்காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதே பசுவைக் காக்கும் வழி.

மாட்டின் வயிறு நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவது, வளர்ந்த பசுவில் நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. வயிற்றின் இடது பக்கத்தின் பெரும்பகுதியை அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே வாசம் செய்யும் கோடானுகோடி நுண்ணுயிர்கள், மனிதனால் ஜீரணிக்க இயலாத புல்லையும் வைக்கோலையும் நொதிக்கச் செய்து, பசுவுக்கு ஆகாரமாக்கித் தருகின்றன. அப்போது ஏராளமாக உண்டாகும் கரியமில வாயுவையும் மீத்தேன் வாயுவையும் ஆரோக்கியமான பசு ஏப்பமாக ஓயாமல் வெளியேற்றிவிடுகிறது. அந்த வாயு நுரைக்குள் சிக்கிக்கொண்டாலும், ஏப்பம் வரும் பாதை அடைபட்டாலும், வயிற்றின் அசைவு குன்றினாலும், வயிறு புடைத்து, நெஞ்சறையை நெருக்கி, சுவாசத்தைத் தடுத்து, சில மணி நேரத்திற்குள் பிராணாபாயத்தை விளைவிக்கும்.

ஆகையால் முதலில் சோதிக்க வேண்டியது தீவனத் தொட்டி. கன்று ஈன்ற பசு அதிகம் கறக்க வேண்டுமென்று அடர்தீவனத்தைத் திடீரென்று கூட்டுவதும், ஈரம் உலராத குதிரைமசாலையோ இளங் காராமணிக் கொடியையோ வெறும் வயிற்றில் போடுவதும் உப்புசத்தை அழைக்கும் செயல்கள். பசுந்தீவனத்தைச் சற்று வாடவிட்டு, முன்னதாக வைக்கோல் கொடுத்து, எந்த மாற்றத்தையும் ஒரு வாரம் பத்து நாளில் படிப்படியாகச் செய்வது உத்தமம். கோயில் நகரத்துப் பசுவுக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு. சித்ரா பௌர்ணமியை ஒட்டி வரதராஜப் பெருமாள் ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்கு எழுந்தருளுவது போன்ற உற்சவ காலங்களில், மிஞ்சிய சோற்றையும் பொங்கலையும் புண்ணியம் என்று கருதிப் பசுவுக்கு வாரி வைப்பவர்கள் பலர். மாவுப் பண்டம் மிகுதியாகச் சேர்ந்தால் வயிற்றில் அமிலம் பெருகி, நுண்ணுயிர்கள் மடிந்து, அசையே நின்றுபோகும் என்பதை அந்த அன்புள்ளம் கொண்டோர் அறிய வேண்டும்.

வயிறு உப்பிய வேளையில், பசுவின் முன்னங்கால்கள் மேடான இடத்தில் இருக்குமாறு நிறுத்தி, 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நுரை உப்புசத்திற்கு மருத்துவர் சொன்னால் கடலை எண்ணெய் புகட்டலாம். ஆனால் தலையை அண்ணாந்து பிடித்து, நாக்கை இழுத்துக்கொண்டு ஊற்றினால் எண்ணெய் நுரையீரலில் இறங்கிவிடும். இடது விலாப்பள்ளத்தில் துளையிட்டு வாயுவை விடுவது மருத்துவரின் கைக்கு மட்டுமே உரிய சிகிச்சை.

தீவனம் சீரானபின்பும் உப்புசம் விடாது வருமானால், காரணம் வேறிடத்தில் இருக்கிறது. பசு தன் தீனியைப் பொறுக்கித் தின்பதில்லை. முதலில் விழுங்கிவிட்டுப் பிறகே அசை போடுகிறது. வைக்கோலில் கிடந்த ஆணியோ கம்பித் துண்டோ ஊசியோ இவ்வாறு உட்சென்று, இரண்டாம் அறையில் தங்கி, அதன் சுவரைக் குத்தி, வயிற்றை அசைக்கும் நரம்பையும் பாதிக்கலாம். சில மாடுகளுக்கு, காசநோய் போன்றவற்றால் வீங்கிய நெஞ்சுக் கழலைகள் உணவுக் குழாயை அழுத்துவதும் உண்டு. எல்லாவற்றிலும் கொடியது பிளாஸ்டிக் பை. அது ஜீரணமாவதுமில்லை, சாணத்தோடு கழிவதுமில்லை. ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு வருஷக் கணக்கில் திரண்டு வயிற்றையே நிரப்பிவிடும்.

இது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை 2019ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை கண்டது. கன்று ஈன்ற சிறிது காலத்திலேயே வேதனையால் துன்புற்றுப் பால் குறைந்துபோன திருமுல்லைவாயில் பசு ஒன்றுக்கு, வேப்பேரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்திற்கும் மேலாக அறுவை சிகிச்சை செய்து, 52 கிலோ பிளாஸ்டிக்கை அகற்றினார்கள். ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழகத்தில் தடை அமலுக்கு வந்த வருஷமும் அதுவே.

எனவே, பசு வளர்ப்போர் உப்புசம் கண்ட நாளையும், அதற்கு முன் கொடுத்த தீனியையும் குறித்து வைத்து, மூன்றாம் முறைக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுவது கடமை. பசு வளர்க்காத நமக்கும் ஒரு கடமை உண்டு. காய்கறித் தோலையும் எச்சில் சோற்றையும் பையில் முடிந்து தெருவோரத்தில் எறிகிறபோது, முடிச்சை அவிழ்க்கத் தெரியாத ஜீவன் பையோடு சேர்த்தே விழுங்குகிறது. அதன் பாலை அருந்தும் நாம் அந்த முடிச்சைப் போடாதிருப்பது, கோபூஜைக்கு முன்னதாகச் செய்ய வேண்டிய பூஜை.